கீரிமலை மாதிரி ஓர் ஊற்று

1. குழாய் நின்ற காலை

அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் முகாமின் குழாயில் தண்ணீர் நின்றது. பூட்டியவர் காவலாளி மிசியே விராப்பா. பூட்டச் சொன்னவள் நான். பல் தீட்டிக்கொண்டு நின்றவர்கள் வாயில் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த பெண் பானையைக் கீழே வைத்தாள். அதே நேரத்தில் மலைக்குக் கீழே இருந்த கிராமத்திலும் தண்ணீர் நின்றது. அங்கே பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காரணம் இதுதான். என்னோடு வந்த பயணிகளில் ஒருவர், அன்று விடிய, அந்தக் கிராமம் குடிக்கும் ஊற்றில் தன் தாயின் சாம்பலைக் கரைத்துவிட்டார்.

நடந்த இடம் இந்து சமுத்திரத்து ரெயூனியன் தீவு. நான் வேலை செய்த பயண முகவர் கடை பரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். முதலில் டிக்கெட் போட்டேன். பிறகு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பாளராக, றெஸ்போன்சாபிளாக இருந்தேன். அதாவது எது பிழைத்தாலும் யாருடைய பெயர் எழுதப்படுமோ அந்த ஆள்.

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது பிள்ளைகள் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட் போடவும் ஓட்டல் பிடிக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் எழுதப்போவதை எந்தப் படிப்பிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

2. வீசா கேட்காத பலாமரம்

ரெயூனியனுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் யோசனை முதலாளியுடையது. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த யோசனை நல்ல யோசனை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் சனத்தில் பாதிப்பேர் அகதிப் பத்திரத்தோடு இருப்பவர்கள். அவர்களுடைய பயணப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும்: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும். வேறு நாடுகளுக்கு என்றாலும் வீசா, வரிசை, மறுப்பு. ரெயூனியன் பிரான்ஸின் பகுதி. இங்கே இருக்கும் கார்டைக் காட்டினால் போதும். பதினொரு மணித்தியாலம் விமானத்தில் இருந்து இறங்கினால் பலாமரம் நிற்கும். மூங்கில் நிற்கும். ரோட்டோரத்தில் கொய்யா விழுந்து கிடக்கும். கோயில் கோபுரம் தெரியும். விமான நிலையத்து வாசலில் வாழைமரத்தைக் கண்டு அழுத ஆம்பிளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலாளி ராசன் அண்ணை ஓட்டல் வேண்டாம் என்றார். கிழக்குப் பக்கத்து மலைக்காட்டில் ஒரு முகாம் இடத்தைப் பிடித்தார். ஆள் உயரத்துக்கு மேலே பன்னம் என்ற பெரணிச்செடி வளர்ந்த காடு. கூரை போட்ட சமையல் மேடைகள், கூடாரம் அடிக்க வெட்டைவெளி, நடந்துபோகும் தூரத்தில் நல்ல தண்ணீர் ஊற்று. பரிஸில் மூன்றாம் மாடி அறையில் இருக்கிறவனுக்கு அது போதும்.

பிழை ஒரு வருடம் போட்ட விளம்பரத்தில் தொடங்கியது. கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு அண்ணை எழுதிக் கொண்டுவந்தார்: "காட்டின் நடுவில் கீரிமலை போல ஒரு புனித ஊற்று."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கீரிமலை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலோரத்தில் ஊறும் நன்னீர்க் கேணி. குளிக்கப் போவோம். செத்தவர்களின் சாம்பலைக் கரைக்கவும் அங்கேதான் போவோம்.

நான் சொன்னேன்: "அண்ணை, கீரிமலை எண்டு போடாதேங்கோ. சனம் வேறை மாதிரி விளங்கும்."

"என்ன வேறை மாதிரி?"

"அங்கை என்னத்துக்குப் போறது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"குளிக்கப் போறது."

"குளிக்க மட்டுமோ?"

"பிள்ளை, நீ ஆக்களுக்குப் பயம் காட்டாதை. சனம் வரட்டும். விளங்கிறதைப் பேந்து பாப்பம்."

ஒட்டினார். ஒரு கிழமையில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

3. மூன்று தரம் கேட்ட மனிதர்

சிவபாதம் அண்ணையை முதலில் தொலைபேசியில்தான் தெரியும். அறுபது வயதுக்குக் கிட்ட. பரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பின்கட்டில் சட்டி கழுவும் வேலை. வீடு புறநகரில், லெ பிளாங்-மெனிலில். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தாயைக் கடைசிக் காலத்தில் இங்கே கூப்பிட்டு வைத்துப் பார்த்தவர். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவர் எனக்கு ஒரு குரல் மட்டும். பக்கத்தில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு பேர் பாஸ்போட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, உந்தக் கண்ணாடியிலை ஒட்டியிருக்கிறது உண்மையோ? கீரிமலை மாதிரியோ?"

"ஓம் அண்ணை."

"ஊறி ஓடுற தண்ணியோ, இல்லாட்டி தேங்கி நிக்கிறதோ?"

"ஊறி ஓடுறதுதான்."

"அப்ப கீரிமலை மாதிரித்தான்."

"ஓம் அண்ணை, அப்பிடியேதான். பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

ஒரே விஷயத்தை மூன்று தரம் கேட்டார். குளிக்கப் போகிறவன் தண்ணீர் குளிரோ சூடோ என்று கேட்பான். ஆழமா என்று கேட்பான். ஓடுகிற தண்ணீரா என்று கேட்கமாட்டான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. விளம்பரத்தில் அந்தச் சொல் வேண்டாம் என்று முதலாளியோடு வாதாடிய நானே, போனில் அதே சொல்லை என் வாயால் விற்றேன்.

4. வாங்கில் ஏறிச் சொன்னது

ஆகஸ்ட் மாதம் அந்தத் தீவில் குளிர்காலம். எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். வெயில் நாடு என்று சாரத்தோடும் சட்டையோடும் வந்து இறங்கி, மலையில் நடுங்குவார்கள். உறங்கும் பை கொண்டுவர மாட்டார்கள், போர்வை கொண்டுவர மாட்டார்கள். ஆனால் ஆட்டிறைச்சிப் பானை வரும். மிளகாய்த்தூள் வரும். இடியப்ப உரல் வரும்.

காவலாளி விராப்பாவுக்கு எங்கள் பானையைக் கண்டால் சந்தோஷம். அவர் தீவில் பிறந்தவர். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தீ மிதிப்பார். "பரிஸ்காரர் சாண்ட்விச் கொண்டுவருவார்கள். நீங்கள்தான் மனிசர் மாதிரிச் சமைக்கிறீர்கள்" என்று பிரெஞ்சில் சொல்வார். எங்களுக்கு முகாம் இடம் ஒவ்வொரு வருடமும் கிடைத்ததற்கு அவர் கொடுத்த நல்ல வார்த்தைதான் காரணம்.

அந்த ஊற்றுக்கு இரண்டு இடம். மேலே கண். பாறைக்கு அடியிலிருந்து ஊறி, ஒரு சின்னத் தொட்டியில் விழுந்து, குழாய் வழியாகக் கிராமத்துக்கும் முகாமுக்கும் போகும். சுற்றிவர இடுப்பளவு வேலி, பிரெஞ்சில் ஒரு பலகை. மிச்சத் தண்ணீர் காட்டுக்குள்ளால் இறங்கிக் கீழே ஒரு மடுவில் நிற்கும். குளிக்கிற இடம் அதுதான். அங்கேயும் சவர்க்காரம் போடக்கூடாது.

போன முதல் நாள் எல்லாரையும் கூட்டி, ஒரு வாங்குப் பலகையில் ஏறி நின்று விதிகளைச் சொல்வது என் வழக்கம். சவர்க்கார விதியைச் சொன்னதும் பரிஸ் புறநகர் பொண்டியிலிருந்து வந்த ஓர் அக்கா, குறுக்குக்கட்டோடு குளிக்கத் தயாராக நின்றபடி, கையைத் தூக்கினா.

"சோப் போடாமல் குளிச்சால் அது குளிப்போ பிள்ளை? நனையிறது."

"நனையுங்கோ அக்கா. நாலு நாளைக்கு நனைஞ்சால் ஒண்டும் ஆகாது."

"அப்ப சீயாக்காய்?"

"அதுவும் வேண்டாம்."

"எண்ணெய் வைச்ச தலையை என்ன செய்யிறது? இஞ்சை விட்டிட்டுப் போறதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் மேல் ஊற்றைப் பற்றிச் சொன்னேன். சொன்ன சொற்கள் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கு: "மேலை இருக்கிறதுதான் மூலம். சுத்தமான தண்ணி. அங்கை ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. நீங்களும் வையாதேங்கோ."

குடிக்கிற தண்ணீர் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்தேன். குழாயில் வருகிறது அதுதான் என்று பார்த்தாலே தெரியும்தானே என்று நினைத்தேன். பார்த்தாலே தெரியும் என்று நினைப்பது இந்தத் தொழிலில் சோம்பேறித்தனம்.

கூட்டத்தின் கடைசியில் சிவபாதம் அண்ணை ஒரு பால்மா டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். விமானத்திலும் அதை மடியில்தான் வைத்திருந்தார். காட்டில் எலித் தொல்லை. உலர்ந்த சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும் என்பது இன்னொரு விதி.

"அண்ணை, அந்த டின்னைக் கொண்டுவாங்கோ. பெட்டியிலை வைப்பம்."

"வேண்டாம் தங்கச்சி. இது என்னோடை இருக்கட்டும்."

"எலி வரும் அண்ணை."

"இதுக்கு வராது."

"என்ன, தங்கமோ உள்ளுக்கை?" என்று யாரோ கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் விட்டுவிட்டேன். மற்றவர்களிடம் மிளகாய்த்தூளைப் பறித்துப் பெட்டியில் வைத்த நான், அவரிடம் மட்டும் விட்டுவிட்டேன்.

5. ஈர வேட்டி

மூன்றாம் நாள் விடிய, தேநீருக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மேல் ஊற்றுப் பக்கத்திலிருந்து சிவபாதம் அண்ணை இறங்கி வந்தார். ஈர வேட்டி. வெறும் மேல். நெற்றி நிறையத் திருநீறு. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, ஆனால் முகத்தில் அப்படி ஒரு அமைதி. கையில் டின் இருந்தது. மூடி இல்லை.

"அம்மாவைக் கரைச்சுப்போட்டன் தங்கச்சி" என்றார். "ரெண்டு வருசமா அலுமாரியிலை வைச்சிருந்தனான். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. நீங்கள் சொன்ன மாதிரிக் கீரிமலையேதான். எள்ளுப் போட்டு, சோத்துருண்டை வைச்சு, கற்பூரம் கொளுத்தி, எல்லாம் முறையாச் செய்தனான்."

விறகைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"எங்கை கரைச்சனீங்கள்? கீழையோ மேலையோ?"

"மேலை. கீழை சனம் குளிக்கிற இடம், அங்கை கரைக்கலாமோ? ஒருத்தரும் கால் வைக்காத இடம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் கத்தினேன். என் தகப்பன் வயது இல்லாவிட்டாலும் மூத்த அண்ணன் வயது. அந்த மனிதனைப் பார்த்து, "குடிக்கிற தண்ணியடா அது! ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணி!" என்று கத்தினேன். கூடாரங்களிலிருந்து தலைகள் வெளியே வந்தன. அவர் முகாமின் குழாயைப் பார்த்தார். பிறகு நெருப்பில் வைத்திருந்த கேத்தலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்த டின்னை வைக்க இடம் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

ஒரு பத்து நிமிடம் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். சாம்பல் நஞ்சு இல்லை. ஆனால் எள்ளு, சோறு, பூ, கற்பூரம் எல்லாம் தொட்டிக்குள் போயிருக்கு. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிக்கப்போகிறார்கள். நான் காவலாளியின் குடிலுக்கு நடந்தேன். வேலை போகும் என்று தெரிந்துதான் நடந்தேன்.

நடந்ததைச் சொல்லி, குழாயைப் பூட்டச் சொன்னேன். விராப்பா சாவியை எடுத்தார். குழாயைப் பூட்டினார். ஊராட்சி அலுவலகத்துக்கு, நாங்கள் மேரி என்று சொல்கிற இடத்துக்கு, போன் செய்தார். தண்ணீரைப் பரிசோதித்து முடிய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மதாம், எங்கள் வீட்டிலும் செத்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார். "நாங்கள் கடலில் கரைக்கிறோம். இங்கேயிருந்து முக்கால் மணித்தியாலம். முறையாக எழுதிக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுச் சொல்லியிருந்தால் நானே என் காரில் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

அவர் கோபத்தோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. என் சனம்

கூட்டத்துக்குச் சிவபாதம் அண்ணை மேல் கோபம் வரவில்லை. எல்லாருக்கும் என் மேல்தான் கோபம்.

"நீ ஏன் போய்ச் சொன்னனீ?" சீயாக்காய் அக்காதான் தொடங்கினா. "சொல்லாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்?"

"பிள்ளையள் குடிக்கிற தண்ணி அக்கா."

"சாம்பல்தானே. கீரிமலையிலை எத்தினை பேற்றை சாம்பலுக்குள்ளை நாங்கள் முங்கிக் குளிச்சனாங்கள்? செத்தே போனம்?"

அவவின் மகள், பரிஸில் பிறந்தவள், பிரெஞ்சில் தாயைத் திட்டினாள்: "அம்மா, அந்தப் பிள்ளைகளுக்கு அது உன் கீரிமலை இல்லை, சமையலறைக் குழாய்." அந்த முகாமில் எனக்காகக் கதைத்தது அந்த ஒரு குரல்தான்.

மற்றவர்கள், "வெள்ளைக்காரருக்கு வாலாட்டுறாள்" என்றார்கள். விராப்பாவின் நிறம் எங்கள் எல்லாரையும்விடக் கறுப்பு. அதைச் சொன்னாலும் விளங்காது. அன்று மத்தியானமே கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு இறங்கச் சொல்லி மேரியிலிருந்து உத்தரவு வந்தது. கட்டிய காசு வீண், பயணம் வீண் என்று பேருந்து முழுக்க முணுமுணுப்பு. சிவபாதம் அண்ணையை எல்லாரும் முன் இருக்கையில் இருத்தி, பிஸ்கட் கொடுத்து, தேற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

சனத்தைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை செய்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். நல்லது செய்தால் நன்றி வரும் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வரக்கூடாது.

7. ஒரு பக்கக் கடிதம்

பரிஸுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அந்த ஊராட்சியிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. யார் செய்தார், எப்படி நடந்தது, பயணிகளுக்கு என்ன சொல்லியிருந்தீர்கள் என்று பொறுப்பாளர் எழுதித் தரவேண்டும். பொறுப்பாளர் நான். அதற்கு முன்னமே கண்ணாடியில் இருந்த விளம்பரத்தை ராசன் அண்ணை கிழித்துவிட்டார். புதியதில் கீரிமலை இல்லை.

"எழுது பிள்ளை" என்றார். "அந்தாள் எங்களுக்குத் தெரியாமல் ஒளிச்சுக் கொண்டுவந்தது. நாங்கள் வடிவா எச்சரிக்கை செய்தனாங்கள். அதைக் கேக்காமல் வேணுமெண்டு வேலி பாய்ஞ்சது."

"வேணுமெண்டு எண்டால் அவர் மாட்டுவார் அண்ணை. குடிக்கிற தண்ணி எண்டு அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லவே இல்லை."

"அப்ப அதையே எழுது. நான் சொல்லேல்லை, என்ரை பிழை எண்டு எழுது. நாளைக்கு உன்னை ஆர் வேலைக்கு எடுப்பினம் எண்டு பாப்பம்."

"கண்ணாடியிலை நீங்கள் ஒட்டினது?"

"எங்கை? கண்ணாடியிலை என்ன கிடக்கு?" என்று கையை விரித்துக் காட்டினார்.

எனக்கு ஐம்பத்திநாலு வயது. வேறு வேலை தேடும் வயது இல்லை. அவர் சொன்னதை எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டுமென்றே" என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லை நான் விட்டுவிட்டேன். அவர் விரலால் காட்டி அதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கையெழுத்து வைத்தேன்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. போனில் நான் சொன்னதைப் பற்றியும் எழுதவில்லை.

8. பெயர் வாசிக்கத் தெரிந்தவர்

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் சிவபாதம் அண்ணை கடைக்கு வந்தார். முதலாளி இல்லாத நேரம். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு கடிதம்.

"தங்கச்சி, இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ. ஆரிட்டைக் கொண்டுபோறது எண்டு தெரியேல்லை."

ஒன்று நீதிமன்றத்துக் கடிதம். பாதுகாக்கப்பட்ட குடிநீரை அசுத்தப்படுத்திய குற்றத்துக்குத் தண்டம். மற்றது அரசாங்கத்தின் மாவட்ட அலுவலகமான பிரெபெக்தூரிலிருந்து. அவர் பிரெஞ்சு நசனாலிட்டிக்கு, குடியுரிமைக்கு, விண்ணப்பித்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அது கிடைத்திருந்தால் இலங்கை தவிர்ந்த என்ற அந்த வரி இல்லாத பாஸ்போட் கிடைத்திருக்கும். தாயின் வீட்டையும் அங்கே தனியாக இருக்கும் தங்கையையும் போய்ப் பார்த்திருக்கலாம். முதற்கடிதத்தைக் காரணம் காட்டி, அந்த விண்ணப்பத்தை இரண்டு வருடத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். நீதிமன்றக் கடிதத்தின் நடுவில் ஒரு பந்தி இருந்தது. "குழுவின் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தபடி, எச்சரிக்கப்பட்டிருந்தும் வேண்டுமென்றே வேலியைக் கடந்தார்" என்று என் முழுப் பெயரோடு எழுதியிருந்தார்கள். அந்தப் பந்தியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். தெரிந்தே செய்ததால் தண்டம் கூட என்றது அந்த வரி.

"நான் தெரிஞ்சு செய்தது எண்டோ போட்டிருக்கு?"

"ஓம் அண்ணை."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"விசாரிச்சு எழுதியிருக்கினம்."

அவர் குனிந்து, சட்டி கழுவிக் கழுவி வெடித்த விரலை நான் தாண்டிய அந்தப் பந்தியில் வைத்தார்.

"இஞ்சை உங்கடை பேர் கிடக்கு தங்கச்சி. எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. பேர் வாசிப்பன். இருபது வருசமாக் கிச்சின் சுவரிலை ஆருக்கு எண்டைக்கு லீவு எண்டு பேரைப் பாத்துத்தான் அறியிறனான்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"கீரிமலை மாதிரி எண்டு நீங்கள் சொன்னதையும் எழுதிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை அண்ணை."

"ம்."

கத்தவில்லை, சாபம் போடவில்லை. கடிதங்களைத் திரும்ப உறைக்குள் வைத்தார். அதைச் சரியாக வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நான் அந்த ஊர்ப் பிள்ளையளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதவேணும் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். எழுதித் தாறதுக்கு உங்களிட்டைத்தான் வரவேணும் எண்டும் நினைச்சனான்" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். மெத்ரோ படிக்கட்டில் பிடித்தேன். அங்கே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: விளம்பரம், போன், வாங்கில் நின்று நான் சொல்லாமல் விட்டது, கையெழுத்து. சனம் எங்களை இடித்துக்கொண்டு ஏறி இறங்கியது. அவர் கடைசிவரை கேட்டார். "இதை அவையளுக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லி என்ன?" என்றார்.

அது சரிதான். மறுநாள் இரண்டு பக்கம் எழுதினேன். என் போனில் கண்ணாடி விளம்பரத்தின் ஒரு படம் இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப எடுத்தது. அதையும் வைத்து, பிரெபெக்தூருக்கும் நீதிமன்றத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முன்பு நான் எழுதிக் கொடுத்தது முழு உண்மை இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். விராப்பாவுக்கும் எழுதினேன். சிவபாதம் அண்ணையின் மன்னிப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன்.

ராசன் அண்ணைக்குத் தெரிந்த அன்றே என்னை நிறுத்திவிட்டார். "நல்லவளா இருக்க விருப்பமெண்டால் வீட்டிலை இருந்து நல்லவளா இரு" என்றார். இப்போது ஒரு காய்கறிக் கடையின் பின்னால் பெட்டி பிரிக்கிறேன். கால் நோகிறது. அவர் வேறு தீவுக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்வி. கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஊரின் பெயரைச் சொல்லி எதையும் விற்காதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எங்கள் சனம் என்ன வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த எனக்கே அது கைமீறிப் போனது. விதி சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். ஒரு மனிதர் ஒன்றையே மூன்று தரம் கேட்டால், மற்றப் போன் அடித்தாலும் பரவாயில்லை, "ஏன் அண்ணை கேக்கிறியள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் ஒரு தாய் கடலில் போயிருப்பா, ஒரு மகன் ஊருக்குப் போயிருப்பார். முதலாளி சொல்லி எழுதினாலும் கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

என் கடிதத்தை வைத்துச் சிவபாதம் அண்ணை செய்த மேன்முறையீட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார். மன்னித்துவிட்டார் என்பதற்காக இல்லை. வாசித்துச் சொல்ல அவருக்கு வேறு ஆள் இல்லை. அதில் என்ன எழுதியிருந்தாலும், எந்தப் பந்தியையும் தாண்டாமல் வாசிப்பேன்.